தனித்தனியே தீங்கற்றவை, கலந்தால் பாதிப்பு: ஹார்மோன்களைச் சீர்குலைக்கும் ரசாயனங்கள் குறித்து ஆய்வுகள் கூறுவது என்ன?

புனே: ஒரு ரசாயனத்தை விலங்குகளிடம் தனியாகச் சோதித்து, பாதிப்பு ஏதும் காணப்படாத அளவைக் கண்டறிந்து, அதிலிருந்து மனிதர்களுக்கான பாதுகாப்பு வரம்பைக் கணக்கிடுவதே உலகெங்கும் பின்பற்றப்படும் நடைமுறை. ஆனால் ஆற்று நீரிலோ உணவிலோ எந்த ரசாயனமும் தனியாக இருப்பதில்லை. தனித்தனியே தீங்கு செய்யாத அளவில் உள்ள பல ரசாயனங்கள் ஒன்றுசேரும்போது, விலங்குகளின் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சி பாதிக்கப்படுவதைக் கடந்த 20 ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன.

இது ஆய்வகத்துக்குள் மட்டும் அடங்கிய செய்தி அன்று. புனே விமான் நிலையத்தை ஒட்டிய விமான் நகர் போன்ற ஒரு நகர்ப்புறப் பகுதியில், ஒரு வீட்டின் அன்றாடக் கழிவுநீரிலேயே இத்தகைய பல பொருள்கள் கலந்திருக்கக்கூடும். பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் தாலேட்டுகள், கடினப் பிளாஸ்டிக்கிலும் டப்பா உணவுக் கலன்களின் உட்பூச்சிலும் பயன்படும் பிஸ்பினால்-ஏ, சிலவகைச் சலவைப் பொருள்கள் சிதைந்து உருவாகும் நோனைல்பினால், அழகுசாதனங்களில் சேர்க்கப்படும் பாரபென்கள், கருத்தடை மாத்திரையின் செயற்கை ஈஸ்ட்ரோஜன் ஆகியவை அவற்றுள் சில. புனே நகரின் கழிவுநீர் சேருமிடம் முளா-முட்டா ஆறு. அந்த ஆறு பீமா நதியில் கலந்து, சோலாப்பூர் மாவட்டத்தின் உஜனி நீர்த்தேக்கத்தைச் சென்றடைகிறது. மீன்பிடித் தொழில் நடைபெறும் நீர்நிலை அது.

கருவில் நிகழ்வது என்ன?

பாலூட்டிகளின் கருவில் ஆண் உறுப்புகள் தாமாக உருவாவதில்லை. கருவின் விந்தகம் குறிப்பிட்ட காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்க வேண்டும். அதன் ஒரு பகுதி, நொதி ஒன்றின் உதவியால் மேலும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற வேண்டும். பின்னர் இவை உயிரணுக்களில் உள்ள ஏற்பிகளுடன் இணைய வேண்டும். எலிகளில் இதற்கான முக்கியக் காலம் கருவுற்ற 15-ஆம் நாளுக்கும் 19-ஆம் நாளுக்கும் இடைப்பட்ட சில நாள்களே. அப்போது ஹார்மோன் குறைந்தால், பிறந்த பின் அது போதிய அளவு சுரந்தாலும் பாதிப்பு முழுமையாகச் சரியாவதில்லை.

தாலேட்டுகள் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியைக் குறைக்கின்றன. பினாஸ்டெரைடு என்னும் மருந்து, அது வீரியமான வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கிறது. வின்குளோசோலின் என்னும் பூஞ்சைக்கொல்லி, ஏற்பியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குளத்தில் நீர் சற்றுக் குறைந்தாலோ, வாய்க்கால் சற்றுத் தூர்ந்தாலோ, மடை பாதி மூடிக்கிடந்தாலோ பயிர் தாங்கிக்கொள்ளும். மூன்றும் ஒரே நேரத்தில் நேர்ந்தால் கடைமடை வயல் காய்ந்துபோகும். கலவைகள் செயல்படும் விதமும் இதுதான்.

டென்மார்க் ஆய்வின் முடிவு

டென்மார்க் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வின்குளோசோலின், பினாஸ்டெரைடு, புரோகுளோராஸ் என்னும் மற்றொரு பூஞ்சைக்கொல்லி, டி.இ.ஹெச்.பி. என்னும் தாலேட் ஆகிய நான்கும் கருவுற்ற எலிகளுக்குத் தனித்தனியாகவும் கலவையாகவும் கொடுக்கப்பட்டன. ஆண் குட்டிகளில் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடையிலான தொலைவு அளக்கப்பட்டது. இயல்பாக ஆண் எலிகளில் இத்தொலைவு பெண் எலிகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். கருவில் ஆண் ஹார்மோன் குறைந்ததா என்பதைக் காட்டும் நம்பகமான அடையாளம் இது.

நான்கையும், முலைக்காம்பு தங்கிவிடும் பாதிப்பை ஒவ்வொன்றும் தனியாக ஏற்படுத்தாத அளவுகளில் கலந்து கொடுத்தபோதே, அந்தத் தொலைவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. சிறுநீர்த்துளை உரிய இடத்தில் அமையாத பிறவிக் குறைபாடு, நான்கின் தனித்தனி நச்சுத்தன்மையைக் கொண்டு கணித்ததைவிட அதிகமாகக் காணப்பட்டது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 2018-இல் 18 ரசாயனங்களைக் கலந்து சோதித்தபோதும், தனியாகத் தீங்கு செய்யும் அளவைவிடக் குறைந்த அளவுகளிலேயே ஆண் எலிக் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகளில் குறைபாடுகள் தோன்றின.

இச்சோதனைகளில் கொடுக்கப்பட்ட அளவுகள் பெரும்பாலும் சூழலில் காணப்படுவதைவிட அதிகம். எனவே முடிவுகளை அப்படியே மனிதர்களுக்குப் பொருத்த இயலாது. அதேவேளை, சூழலில் கலந்துள்ள ரசாயனங்களின் எண்ணிக்கையோ நான்கோ பதினெட்டோ அல்ல.

ஆண் மீனில் முட்டைப் புரதம்

நீர்வாழ் உயிரினங்களின் உடல் நாள் முழுவதும் கலவையிலேயே தோய்ந்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் ஐந்து பொருள்களை ஆண் மீன்கள் வாழும் நீரில் கலந்து பிரிட்டன் ஆய்வாளர்கள் 2005-இல் சோதித்தனர். முட்டையின் மஞ்சள் கருவுக்கான புரதம் பெண் மீன்களிலேயே பெருமளவில் உருவாகும். ஒவ்வொரு பொருளும் தனியாக எந்த மாற்றத்தையும் காட்டாத அளவில் இருந்தபோதும், ஐந்தும் சேர்ந்தவுடன் ஆண் மீன்களில் அந்தப் புரதம் உருவானது.

இத்தகைய மாற்றம் ஓர் இனத்தையே அழிக்கக்கூடும் என்பதற்கும் சான்று உண்டு. கனடாவின் ஆய்வு ஏரி ஒன்றில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையின் ஈஸ்ட்ரோஜன், லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் என்ற அளவில் கலக்கப்பட்டது. அங்கிருந்த சிறுமீன் இனம் ஒன்று ஏறத்தாழ முற்றிலும் அழிந்தது.

இந்திய நிலவரம்

காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆகிய ஆறுகளில் டிரைகுளோசான் என்னும் கிருமிநாசினியும் பாரபென்களும் இருப்பதைத் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2011-இல் பதிவு செய்தது. பின்னர் நடைபெற்ற ஆய்வுகளில் பிஸ்பினால்-ஏ, தாலேட்டுகள் ஆகியவையும் காவிரியில் கண்டறியப்பட்டன. பிறந்த ஆண் எலிக் குட்டிகளுக்குப் பிஸ்பினால்-ஏ கொடுக்கப்பட்டால், அவை வளர்ந்த பின் விந்தணு எண்ணிக்கையும் இனப்பெருக்கத் திறனும் குறைவதை மும்பையில் உள்ள தேசிய இனப்பெருக்க நல ஆராய்ச்சி நிறுவனம் 2009-இல் வெளியிட்டது.

ஒரே ரசாயனம் காரணம் என்று சுட்ட முடிந்தால் நடவடிக்கை எளிதாகிறது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் வான்வழியாகத் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானை, 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் தடை செய்தது. கலவையில் அவ்வாறு ஒன்றைச் சுட்ட இயலாது. ஒவ்வொரு பொருளும் தன் வரம்புக்குள் இருப்பதாகவே ஆய்வறிக்கை காட்டும்.

வரம்பைக் கணக்கிடும்போது, பாதிப்பற்ற அளவு வழக்கமாக நூறால் வகுக்கப்படுகிறது. அதில் ஒரு பத்து, விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு. மற்றொரு பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு. கலவைக்கென்று தனியாக எதுவும் ஒதுக்கப்படுவதில்லை.

கழிவுநீர் சுத்திகரிப்பிலும் இதே இடைவெளி உள்ளது. முளா-முட்டா ஆற்றைத் தூய்மைப்படுத்த, ஜப்பானிய நிதியுதவியுடன் 11 சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கும் திட்டம் 2016-இல் ஒப்பந்தமானது. ஆற்றுக்கு இது இன்றியமையாத பணி. ஆனால் 2017-இல் மத்திய அரசு அறிவித்த சுத்திகரிப்புத் தரநிலைகள் அமில-காரத் தன்மை, உயிரியல் ஆக்சிஜன் தேவை, மிதக்கும் திடப்பொருள்கள், மலக்கிருமிகள் ஆகியவற்றையே அளக்கின்றன. ஹார்மோன் சீர்குலைப்பிகள் அப்பட்டியலில் இல்லை.

மாற்று வழிகள்

ஐரோப்பிய ஒன்றியம் நான்கு தாலேட்டுகளை ஒரே குழுவாகக் கொண்டு, நுகர்பொருள்களில் அவற்றின் கூட்டு அளவு எடையில் 0.1 சதவீதத்தை எட்டக் கூடாது என 2020 ஜூலை முதல் கட்டுப்படுத்தியுள்ளது. அங்குப் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்மாசுகளை அகற்ற நான்காம் கட்டச் சுத்திகரிப்பை அமைக்க வேண்டும் என்றும், அதன் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்றும் 2024-இல் சட்டம் இயற்றப்பட்டது.

இந்தியாவில் குழந்தைகளுக்கான பால் புட்டிகளில் பிஸ்பினால்-ஏ பயன்படுத்த 2015-ஆம் ஆண்டின் தரநிலை தடை விதித்துள்ளது. நீரில் உள்ள ஒவ்வொரு ரசாயனத்தையும் தேடாமல், அந்த நீர் மொத்தமாக எவ்வளவு ஹார்மோன் விளைவை ஏற்படுத்துகிறது என்பதை உயிரணுக்களைக் கொண்டு அளக்கும் சோதனை முறைகளும் இப்போது உள்ளன. பட்டியலில் இடம்பெறாத பொருள்களின் கூட்டு விளைவையும் ஒரே அளவீட்டில் காட்டக்கூடியவை அவை.