துவக்குத் தோட்டாவும் கமக்காரரின் பொறுப்பும்

மாவனல்லைப் பகுதியில் வயல்கள் குன்றுகளுக்கிடையிலுள்ள தாழ்நிலங்களிலும், மரக்கறித் தோட்டங்கள் வீடுகளை அடுத்தும், றப்பர்க் காணிகள் சரிவுகளிலும் அமைந்துள்ளன. காட்டுப்பன்றிகள் ஓரிரவிலேயே விளைந்த வயலை நாசமாக்கிவிடும். ஆதலால் கமக்காரர் சிலர் பயிர்க்காவலுக்கென அனுமதிப்பத்திரம் பெற்றுத் துவக்கு வைத்திருக்கின்றனர். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி இவ்வனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். பத்திரத்தில் எவர் பெயர் உளதோ அவரே துவக்குக்கும் தோட்டாவுக்கும் பொறுப்பாளி. மகனிடமோ, கூலியாளிடமோ, அயலவரிடமோ கைமாற்றக்கூடிய பொறுப்பன்று இது.

அளவறிந்து வாங்குதல்

துவக்கின் இலக்கம் கூடக் குழலின் அகலம் குறையும். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவ்வுருண்டையொன்றின் அகலமே 12 போர்த் துவக்குக் குழலின் அகலமாகும். 20 போர்த் தோட்டா இதனிலும் சிறியது. அதனை 12 போர்த் துவக்கில் இட்டால் உள்ளே வழுக்கிச் சென்று குழலில் சிக்கிக்கொள்ளும். குழல் வெறுமையென எண்ணி வேறொரு தோட்டாவை இட்டுச் சுடுபவரின் கையிலேயே குழல் வெடித்துச் சிதறும். ஆகவே இருவகைத் தோட்டாக்களை ஒரே பையில் வைத்தலாகாது.

பாதுகாத்து வைத்தல்

இப்பகுதியின் மழையும் ஈரலிப்பும் தோட்டாவுக்குக் கேடு விளைப்பன. காற்றுப்புகாத தகரப் பெட்டியில் இட்டு, துவக்கினின்றும் வேறாக, பிள்ளைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வைத்தல் வேண்டும். நனைந்த தோட்டாவை அடுப்பின்மேல் உலர்த்துதல் பேராபத்தாகும். பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்தவற்றையும் வீங்கியவற்றையும் உபயோகித்தலாகாது. அவற்றைத் தீயிலிடாமலும் புதைக்காமலும் பொலிஸ் நிலையத்தில் விசாரித்து ஒப்படைத்தல் நன்று.

சுடும்போது கவனிக்கவேண்டியவை

1. விசையை இழுத்தும் வெடிக்காவிடின், குழலை ஆளில்லாத திசைக்கு நீட்டியபடி ஒரு நிமிடம் பொறுத்து, அதன் பின்னரே திறக்கவேண்டும்.

2. வெடிச்சத்தம் மந்தமாகக் கேட்டால் அடைப்பு குழலினுள் நின்றிருக்கலாம். துவக்கைத் திறந்து, தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, பின்புறமாகக் குழலை நோக்கவேண்டும். குழல் தெளிவாகாமல் மறுமுறை சுடலாகாது.

3. வரம்பு, வேலி, மரப்பாலம் ஆகியவற்றைக் கடக்குமுன் தோட்டாவை அகற்றவேண்டும்.

4. அசைவையும் ஓசையையும் கொண்டு சுடலாகாது. விடியுமுன்னரே பால்வெட்டச் செல்வோர் றப்பர்க் காணியில் நடமாடுவர். எஸ்.ஜி. தோட்டாவின் சன்னங்கள் நானூறு மீற்றருக்கு அப்பாலும் சென்று விழக்கூடும். பன்றி தெளிவாகத் தெரிவதுடன், அதன் பின்னால் யாதுளது என்பதும் தெரிதல் வேண்டும்.

5. கட்டுத்துவக்கு வைத்தல் சட்டவிரோதமாகும். பன்றிக்கு வைத்த பொறி வரம்பால் நடக்கும் மனிதரை அறியாது.

தோட்டாக் கணக்கு

காவலுக்குச் செல்லுமுன் எத்தனை தோட்டா எடுத்தீர் என்பதை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளும். திரும்பியதும் சுட்டவற்றின் வெற்றுக்கூடுகளையும் மிஞ்சிய தோட்டாக்களையும் எண்ணிப் பாரும். ஒன்று குறைந்தாலும் சட்டைப்பை, காவற்குடில், வரம்பு எங்கணும் அன்றே தேடல் வேண்டும். கிடையாவிடின் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். குடிலில் மறந்துவிட்ட ஒரு தோட்டா மறுநாள் ஒரு பிள்ளையின் விளையாட்டுப் பொருளாகலாம். விளைவில் ஒரு பங்கு அழிந்தால் அடுத்த போகத்தில் ஈடுசெய்யலாம். போன உயிருக்கு ஈடு இல்லை.