வேலியே மாடு மேய்க்கும் ஊர்!



முண்டியம்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி, சர்க்கரை ஆலைப் பக்கமோ பனையபுரம் பக்கமோ நடந்து பாருங்கள். பல வீடுகளின் வாசலில் ஒன்றோ, இரண்டோ மாடு கட்டியிருப்பார்கள். கரும்பு வெட்டும் பருவத்தில் பச்சைத் தோகை, மற்ற நாட்களில் வைக்கோல், தவிடு, புண்ணாக்கு. காலையும் மாலையும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவார்கள். நம் பக்கத்தில் மாடு வளர்ப்பு என்றால் இதுதான்.

ஆனால், ஆங்கிலப் படங்களில் வேறு மாதிரி பார்த்திருப்பீர்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி, நூற்றுக்கணக்கில் மாடுகள், தொப்பி போட்டுக் குதிரையில் வரும் ஆட்கள்! அதற்குப் பெயர் 'ரான்ச்'. "அப்படி நம் தமிழ்நாட்டில் உண்டா?" என்று கேட்டால், "அதெல்லாம் அமெரிக்காவில்தான் சார்" என்று உடனே பதில் வரும்.

உண்டு! குதிரையும் தொப்பியும்தான் இல்லை. தலையில் ஒரு துண்டு, கையில் ஒரு குச்சி. அவ்வளவுதான். அந்த இடத்துக்குப் பெயர் 'கொறங்காடு'.

திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கமும், கரூர் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் கொறங்காடுகள் இருக்கின்றன. பெயரில் காடு இருந்தாலும் யானையும் புலியும் வாழும் காடு இல்லை. சொந்தப் பட்டா நிலம்தான். மேற்குத் தொடர்ச்சி மலை, தென்மேற்குப் பருவ மழையைத் தன் பக்கமே வாங்கிக்கொள்வதால், மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் இந்த ஊர்களுக்கு மழை குறைவு. நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர் போதாது. "சரி, புல்லையாவது விளைய வைப்போம்" என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் கண்ட வழிதான் கொறங்காடு.

அங்கே விளைவது கொழுக்கட்டைப் புல். பெயரைக் கேட்டு நாக்கில் எச்சில் ஊற வேண்டாம்! இது மாட்டுக்குத்தான் கொழுக்கட்டை. வெயிலில் மேலே காய்ந்து சருகாகிப் போனாலும், மண்ணுக்குள் வேர் உயிரோடு இருக்கும். ஒரு மழை விழுந்தால் போதும், மறுபடி துளிர்த்துவிடும். நடுநடுவே வெள்வேல மரங்கள் நிற்கும். வெயில் நேரத்தில் மாடுகளுக்கு நிழல். கோடையில் புல் தீர்ந்துபோனால் மரத்திலிருந்து உதிரும் காய்களே தீனி. இந்த மரத்தை நட்டவருக்கு நோபல் பரிசே கொடுக்கலாம் என்பேன் நான்.

இனி, வேலிக்கு வருவோம். நூறு மாட்டை மேய்க்க எத்தனை ஆள் வேண்டும்? கொறங்காட்டில் ஆளே வேண்டாம். காரணம், சுற்றிலும் உள்ள கிளுவை வேலி. கிளுவை ஒரு முள் மரம். மழைக்காலத்தில் அதன் கிளைகளை வெட்டி, வரிசையாக நெருக்கி ஊன்றிவிட்டால் வேர் பிடித்து வளர்ந்துவிடும். சில ஆண்டுகளில் கிளையும் கிளையும் பின்னிக்கொண்டு சுவர் மாதிரி ஆகிவிடும். மாடு வெளியே போகாது. இலையை ஆடு தின்னும். பறவை கூடு கட்டும். உள்ளே போய்வர ஒரு வழி வைத்து, அதற்கு ஒரு படல் போட்டுச் சாத்திவிடுவார்கள். பயிரை மேய்ந்த வேலியைப் பற்றிப் பழமொழி படித்திருப்பீர்கள். இது மாட்டையே மேய்க்கும் வேலி!

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். அமெரிக்காவிலும் முதலில் முள்செடி வேலிதான் நட்டார்கள். செடி வளரும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. 1874-ல் ஜோசப் கிளிடன் என்ற விவசாயி, முறுக்கிய கம்பியில் முள் வைத்து அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த முள்கம்பிதான் உலகமெல்லாம் பரவியது. நம் ஊர் வயலுக்கும் வந்துவிட்டது. கம்பி துருப்பிடிக்கும். கிளுவை ஒவ்வொரு மழைக்கும் துளிர்க்கும்.

மாட்டுக்காரரின் நாள்

ஆள் வேண்டாம் என்றால் மாட்டுக்காரர் வீட்டில் படுத்துத் தூங்கலாமா? அதுதான் முடியாது.

விடிந்ததும் கொறங்காட்டுக்குப் போவார். முதல் வேலை, எண்ணுவது. அடுத்த வேலை, பார்ப்பது. எதைப் பார்ப்பார் தெரியுமா? மேயாமல் தனியாக நிற்கும் மாட்டை! நல்ல மாட்டுக்கு மூக்கு எப்போதும் ஈரமாகப் பனித்திருக்கும். படுத்தால் அசை போடும். மூக்கு காய்ந்து, காது தொங்கி, அசை போடாமல் நின்றால் அதற்கு ஏதோ நோய் என்று அர்த்தம். வாயில் நுரை தள்ளி, கால் நொண்டினால் கோமாரியாக இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும். கோமாரி ஒரு மாட்டுக்கு வந்தால் பட்டி முழுக்கப் பரவும். அதனால்தான் கால்நடை மருத்துவரைக் கொண்டு முன்கூட்டியே தடுப்பூசி போடுவது.

எண்ணும்போது சினைப்பசு ஒன்று குறைந்தால் பயப்பட மாட்டார். கன்று போடும் நேரத்தில் பசு கூட்டத்தை விட்டு விலகி, ஒரு புதர் ஓரத்துக்குப் போய்விடும். கன்றை அங்கேயே படுக்க வைத்துவிட்டு மேயப் போகும். நாய் வந்துவிடுவதற்குள் அந்தக் கன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தெருநாய்கள் கூட்டமாக வந்து ஆடுகளையும் கன்றுகளையும் கடித்துக் கொல்வது இப்போது அந்தப் பக்கத்தில் பெரிய தொல்லை.

பிறகு வேலியைச் சுற்றி வருவார். எங்காவது சந்து விழுந்திருந்தால் முள் வெட்டி அடைப்பார். தண்ணீர்த் தொட்டியை நிரப்புவார். கடைசியாகப் புல்லைப் பார்ப்பார். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. ஒருவரிடம் நான்கைந்து கொறங்காடு இருந்தால், ஒன்றில் மேய்த்து, புல் முழுவதும் தீரும் முன் அடுத்ததற்கு மாற்ற வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் மாடு வேர் வரை கடித்துவிடும்; அடுத்த மழைக்குத் துளிர்க்காது. அவசரப்பட்டு மாற்றினால் எல்லாப் புல்லும் சீக்கிரம் தீர்ந்து, கோடையில் திண்டாட்டம். ஊர் அவரை மாட்டுக்காரர் என்கிறது. என்னைக் கேட்டால், அவர் புல்லுக்காரர்!

சிவப்பாகப் பிறந்து சாம்பலாகும் கன்று

இந்தப் புல்லைத் தின்று வளர்வது புகழ்பெற்ற காங்கேயம் இனம். சென்ற நூற்றாண்டில் பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார், பெரிய மந்தைகளை வளர்த்தார். நல்ல காளைகளாகத் தேர்ந்தெடுத்து இனத்தை மேம்படுத்தினார். இந்த இனத்தின் சிறப்புக்கு அவர் குடும்பமே முக்கியக் காரணம் என்று கால்நடை நூல்கள் சொல்கின்றன.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாதம் ஆனால் சாம்பல் நிறத்துக்கு மாறத் தொடங்கும். இந்தச் சாம்பல் நிறத்தை 'மயிலை' என்பார்கள். காளை வளர வளரத் திமிலும், கழுத்தும், தொடைகளும் கறுத்துவரும். காயடித்துவிட்டால் அந்தக் கறுப்பு மங்கிவிடும்.

மாடு என்ற சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்றும் பொருள் உண்டு. அந்தச் செல்வத்துக்காக நம் பக்கத்திலேயே சண்டை நடந்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. சுமார் 1,400 ஆண்டு பழமை. தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபோனான். அவனுடைய நாய் கோவிவன், திருடர் இருவரைக் கடித்து, அங்கேயே காவல் காத்ததாம். கல்லில் நாயின் உருவத்தையும் செதுக்கி, பெயரையும் எழுதிவைத்திருக்கிறார்கள்! விழுப்புரத்துக்குப் பக்கத்தில் உள்ள திருவாமாத்தூரின் பெயரிலும் 'ஆ' ஒளிந்திருக்கிறது. ஆ என்றால் பசு. பசுக்கள் இங்கே சிவனை வேண்டிக் கொம்பு பெற்றன என்பது தலபுராணக் கதை.

விற்பதா, வைத்துக்கொள்வதா?

காங்கேயம் பசு ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர்தான் கறக்கும். அதிலும் கன்றுக்குப் போக மிச்சம்தான் நமக்கு. நம் வீட்டு ஜெர்சிக் கலப்புப் பசுவோடு போட்டி போட முடியாது. இது உழைப்புக்காக வளர்த்த இனம். கிணற்றில் கவலை இறைக்க, ஏர் உழ, பாரவண்டி இழுக்க என்று காளைகளை வாங்கிப் போவார்கள். மாட்டுக்காரருக்கு வருமானம் பாலில் இல்லை, கன்றில்!

கவலை இருந்த இடத்தில் பம்புசெட் வந்தது. ஏர் இருந்த இடத்தில் டிராக்டர். வண்டி இருந்த இடத்தில் லாரி. காளைக்கன்றை வாங்க ஆள் குறைந்தது. பல பட்டிகள் காலியாயின. மழை பொய்த்த ஆண்டில் நிலைமை இன்னும் மோசம். வைக்கோலும் சோளத்தட்டும் விலைக்கு வாங்கிப் போட்டு மாட்டைக் காப்பாற்றுவதா, அடிமாட்டு விலைக்கு விற்பதா? அந்த நேரம் பார்த்து, 'நிலத்தையும் கொடுக்கிறீர்களா' என்று கேட்டு வருபவரும் உண்டு. கொறங்காடு ஒருமுறை மனையாகிவிட்டால் திரும்பப் புல்வெளி ஆகாது. மாடு இல்லை என்றால் கொறங்காடு எதற்கு? கொறங்காடு இல்லை என்றால் மாடு எங்கே மேயும்? இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் மெரினாவில் மாணவர்கள் கூடியதும் உங்கள் அண்ணன், அக்காவைக் கேட்டால் சொல்வார்கள். அதன் பிறகு நாட்டு மாடு பற்றிப் பலரும் பேசத் தொடங்கினார்கள். காங்கேயம் அருகே குட்டப்பாளையத்தில், இந்த இனத்தைக் காப்பதற்கென்றே சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது.

வெளிநாட்டுக்காரர்கள் நம் மாட்டின் அருமையை எப்போதோ கண்டுகொண்டார்கள். ஆந்திராவின் ஓங்கோல் மாடுகளைக் கப்பலில் ஏற்றிப் பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அந்த நாட்டு ரான்ச்களில் உள்ள மாடுகளில் பெரும்பகுதி அந்த இனமும் அதன் கலப்பும்தான். அங்கே அதற்குப் பெயர் 'நெலோர்'. ஆமாம், நம் நெல்லூர்தான்!

சித்திரை மாதம் அந்தப் பக்கம் போனால், கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையைப் பார்க்கலாம். வாங்க வந்தவர் முதலில் மாட்டின் வாயைத் திறப்பார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே எட்டுப் பால்பல். சுமார் இரண்டு வயதுக்கு மேல் நடுவில் இரண்டு விழுந்து பெரிய பல் முளைக்கும். பிறகு நாலு பல், ஆறு பல். எட்டும் முளைத்தால் 'கடை சேர்ந்தது' என்பார்கள். வயது ஐந்தை நெருங்கிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் வாய்க்குள்ளேயே இருக்கிறது! சுழியும் பார்ப்பார்கள். உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்வது அது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல் பொய் சொல்லாது.

விலை பேசும்போது சத்தமே இருக்காது. இருவர் கைகளையும் ஒரு துண்டால் மூடிக்கொள்வார்கள். உள்ளே விரல்கள் பேசும். எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ, அதுதான் கணக்கு. பக்கத்தில் நிற்பவருக்குக்கூட விலை தெரியாது. படிந்தால் கயிறு கைமாறும். படியாவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போய்விடுவார்.