வாப்பிட்டி மானின் தந்தப் பற்கள்

ஆட்டின் வாயைத் திறந்து பார்த்தவர்கள், அதன் மேல்தாடையின் முன்புறத்தில் பற்களே இல்லை என்பதை அறிவார்கள். பற்களுக்குப் பதிலாகத் தடித்த ஈறு ஒன்றே அங்கு உண்டு. மாட்டுக்கும் மானுக்கும் இதுவே அமைப்பு. ஆயினும், வட அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் வாழும் வாப்பிட்டி மானின் மேல்தாடையில், பக்கத்திற்கு ஒன்றாக, உருண்டு திரண்ட இரு கோரைப்பற்கள் இருக்கின்றன. அந்நாட்டு மக்கள் இம்மானை ‘எல்க்’ என்பர். ஐரோப்பாவில் அப்பெயர் மூஸ் என்னும் வேறொரு பெரிய மானைக் குறிக்கும்; இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

இப்பற்கள் ஆண், பெண் இரண்டிற்கும் உண்டு. ஆணின் பல் பருத்தது. இம்மானின் முன்னோர்களுக்கு இருந்த நீண்ட கோரைப்பற்களின் எச்சமே இவை என விலங்கியலார் கருதுகின்றனர். நம் நாட்டுக் கஸ்தூரி மானிடத்தும் கேளையாட்டினிடத்தும், ஆண் விலங்குகளில், அத்தகைய நீண்ட பற்களை இன்றும் காணலாம். யானைத் தந்தத்தைப் போலவே வாப்பிட்டியின் கோரைப்பல்லும் பெரும்பாலும் டென்டீன் என்னும் பொருளால் ஆனது. ஆதலின் அதனைத் தந்தம் என்றே வழங்குகின்றனர்.

ஒரு மானுக்கு இரண்டே பற்கள். அமெரிக்கச் சமவெளிகளில் வாழ்ந்த குரோ என்னும் பழங்குடியினர் பெண்களின் உடையில் இவற்றை வரிசையாகத் தைத்தனர். முந்நூறு பற்கள் கொண்ட உடைக்கு நூற்றைம்பது மான்கள் வேண்டும். எனவே அவ்வுடை குடும்பத்தின் செல்வத்திற்குச் சான்றாயிற்று. பற்கள் போதாதபோது எலும்பைச் செதுக்கிப் போலிப் பற்களும் செய்தனர். பின்னர், 1868ஆம் ஆண்டில் நியூயார்க்கில் தோன்றிய எல்க்ஸ் சங்கத்தினர் இப்பல்லைத் தம் அடையாளமாக அணியலாயினர். அதன் விலை ஏறவே, பல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு உடலை அழுகவிடும் திருட்டு வேட்டையும் பெருகிற்று. இன்று அந்நாட்டில் அனுமதி பெற்று இறைச்சிக்காக வேட்டையாடுவோர் பல்லையும் எடுத்து வைக்கின்றனர்.

பல்லைக் கெடுப்பவை

டென்டீனில் கால்சியம் பாஸ்பேட் தாதுவும் கொலாஜன் என்னும் புரதமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தாது கடினம் தருகிறது. புரதம் நொறுங்காமல் காக்கிறது. வெண்மை வேண்டி அவசரப்படுவோர் இவ்விரண்டையும் அழித்துவிடுகின்றனர். கொதிநீர் கொலாஜனை ஜெலட்டினாக மாற்றுகிறது. சலவைத் திரவம் புரதத்தைச் சிதைத்துப் பல்லைச் சுண்ணாம்புக் கட்டி போல் ஆக்குகிறது. வினிகர் போன்ற அமிலங்கள் தாதுவைக் கரைக்கின்றன. கடும் வெயில் பல்லை விரைவில் உலர்த்தி வெடிக்கச் செய்கிறது. ஆகவே இந்நான்கையும் விலக்க வேண்டும்.

தூய்மை செய்யும் முறை

முதலில் கையுறை அணிதல் வேண்டும். காட்டு வாப்பிட்டி மான்களிடையே 1981ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தில் கண்டறியப்பட்ட நாட்பட்ட மெலிவு நோயின் காரணி, கொதிநீரிலும் அழியாதது. வேரைச் சுற்றியுள்ள ஈற்றைச் சிறு கத்தியால் அறுத்து, பல்லை மெல்ல அசைத்து எடுக்க வேண்டும். குறடால் நெரித்தால் பல் பிளவுபடும்.

எடுத்த பல்லை இளஞ்சூடான நீரில் ஓரிரு நாட்கள் ஊறவிட்டு, நீரை நாள்தோறும் மாற்றுக. இளகிய சதையை மரக்குச்சியால் நீக்கி, மென்மையான பல்துலக்கியால் சிறிது சோப்பு நீர் கொண்டு கழுவுக. இளம் விலங்கின் பல்லில் வேர் திறந்திருக்கும். உள்ளிருக்கும் கூழை மெல்லிய கம்பியால் அகற்றாவிடின் துர்நாற்றம் வீசும். பின்னர் நிழலில், காற்றோட்டமான இடத்தில், பல நாட்கள் மெதுவாக உலர்த்துக. முதிர்ந்த விலங்கின் பல்லில் காணும் பழுப்பு நிறம் அழுக்கன்று, அதைச் சுரண்டலாகாது.

உலர்ந்த பல்லைச் சாயமற்ற பருத்தித் துணியில் சுற்றி வைப்பது நலம். சாயத் துணியும் ரப்பரும் பல்லில் கறை ஏற்றும். இடம், நாள், ஆணா பெண்ணா என்னும் குறிப்பு எழுதிய சீட்டு உடன் இருத்தல் வேண்டும். சீட்டில்லாத பல் வெறும் அணிகலனே. சீட்டுள்ள பல் ஆய்வுப் பொருள்.

பல் காக்கும் செய்தி

பல் எத்துணைக் காலம் செய்தியைக் காக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. வாப்பிட்டி மான் ஆசியாவின் வடபகுதியிலும் வாழ்வது. சைபீரியாவின் டெனிசோவா குகையில், துளையிட்டுப் பதக்கமாக அணிந்த அம்மானின் பல் ஒன்று கிடைத்தது. அதை எடுத்தோர் கையுறை அணிந்து எடுத்தனர். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தார், பல்லைத் துளைக்காமல், பாஸ்பேட் கரைசலில் வைத்துப் படிப்படியாகச் சூடேற்றி, அதனுள் ஊறியிருந்த மனித டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தனர். 19,000 முதல் 25,000 ஆண்டுகளுக்கு முன்னர் அப்பதக்கத்தைக் கையாண்டவர் ஒரு பெண் என 2023ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். எவரேனும் அப்பல்லைச் சலவைத் திரவத்தில் இட்டு வெளுத்திருந்தால், அப்பெண்ணைப் பற்றிய செய்தி என்றென்றும் அழிந்திருக்கும்.

நம் நாட்டில்

காஷ்மீரத்து ஹங்குல் மானும் வாப்பிட்டிக்கு நெருங்கிய உறவினமே. அதற்கும் இக்கோரைப்பற்கள் உண்டு. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஹங்குல் வேட்டை குற்றம். காட்டில் இறந்து கிடக்கும் விலங்கும் அரசின் உடைமை. களப்பணியாளர் அத்தகைய மண்டையோட்டைக் கண்டால், தொடாமல் விட்டு, இடத்தைக் குறித்து, வனத்துறைக்கு அறிவித்தலே கடமை.

ஆசிரியர்கள் கசாப்புக் கடையில் கிடைக்கும் ஆட்டின் கீழ்த்தாடையைக் கொண்டு இம்முறையைக் கற்பிக்கலாம். முதலில் எல்லாப் பற்களையும் மேற்கூறியவாறு தூய்மை செய்க. பின்னர் ஒன்றை அவ்வாறே வைத்து, ஒன்றை நெடுநேரம் கொதிக்கவிட்டு, ஒன்றைச் சில நாட்கள் வினிகரில் ஊறவைத்து, மாணவர்களைக் கையுறையுடன் தொட்டுப் பார்க்கச் சொல்லுக. தாதுவும் புரதமும் பல்லுக்கு அளிப்பது யாது என்பதை அவர்கள் தம் விரலாலேயே உணர்வார்கள்.