கூட்டணி மாறிய கல்லூரி! மேலே ஏறி, திரும்பி வந்த கதை

மாஸ்கோ என்றதும் ரஷ்யாவின் தலைநகரம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் ஒரு மாஸ்கோ உண்டு. வடமேற்கே ஐடஹோ மாநிலத்தில் உள்ள சின்னஞ்சிறு ஊர். மக்கள் தொகை சுமார் 25 ஆயிரம். சுற்றிலும் கோதுமை வயல்கள். ஊருக்குப் பெருமை தேடித் தந்தது, 1889ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஐடஹோ பல்கலைக்கழகம்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி, 1996ஆம் ஆண்டில் பெரிய பிரிவுக்கு ஏறியது. 22 ஆண்டுகள் அங்கே அல்லாடியது. 2018ஆம் ஆண்டில் கீழ்ப் பிரிவுக்கே திரும்பி வந்தது. பெரிய பிரிவிலிருந்து தானே முடிவு செய்து இறங்கிய முதல் கல்லூரி இதுதான்.

ஏன் ஏறியது? ஏன் இறங்கியது?

காலால் அல்ல, கையால்!

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் எடுத்துக் கொண்டு ஓடுவார்கள், வீசுவார்கள். தலைக்கவசம் அணிந்து, ஒருவரை ஒருவர் மோதித் தள்ளுவார்கள். அணிக்கு 11 பேர். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ஆட்டங்களைக் காணவே பல ஊர்களில் பல்லாயிரம் பேர் திரளுகிறார்கள்.

கல்லூரி அணிகளில் முதல் தரத்தை 1978ஆம் ஆண்டில் இரண்டாகப் பிரித்தார்கள். மேல் பிரிவில் பணமும் புகழும் உள்ள பெரிய கல்லூரிகள். கீழ்ப் பிரிவில் சிறியவை. ஐடஹோ ஏறிய காலத்து விதிப்படி, மேல் பிரிவில் ஓர் அணி 85 வீரர்கள் வரை உதவிச் சம்பளம் தரலாம். கீழ்ப் பிரிவில் அந்த வரம்பு 63.

கல்கத்தா கால்பந்து லீக்கில் இரண்டாம் டிவிஷனில் முதலிடம் பெற்றால் முதல் டிவிஷனுக்குப் போகலாம். கடைசி இடத்துக்கு வந்தால் கீழே இறக்கி விடுவார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் அப்படி அல்ல. வெற்றி மட்டும் போதாது. ஏதாவது ஒரு கூட்டணி அழைக்க வேண்டும்.

இந்தக் கூட்டணியை 'கான்பரன்ஸ்' என்கிறார்கள். மாநாடு என்று பொருள் கொள்ளக் கூடாது. பத்துப் பன்னிரண்டு கல்லூரிகள் சேர்ந்து அட்டவணை போட்டு, தங்களுக்குள் ஆடி, டெலிவிஷன் பணத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் ஏற்பாடு அது. தேர்தல் நேரத்துக் கட்சிகளைப் போலவே, நல்ல அழைப்பு வந்தால் கல்லூரிகளும் கூட்டணி மாறுகின்றன.

12க்கு 12

ஐடஹோவின் பழைய வீடு, 'பிக் ஸ்கை' கூட்டணி. 1963ஆம் ஆண்டில் அதைத் தொடங்கிய கல்லூரிகளில் ஐடஹோவும் ஒன்று. பக்கத்து மாநிலமான மொன்டானாவின் இரு பல்கலைக்கழகங்களும் அதில் உண்டு. ஊருக்கு ஊர் போட்டி, பஸ்ஸில் போய் வரும் தூரம். கீழ்ப் பிரிவின் தேசியப் போட்டிக்கு 1982 முதல் 1995 வரை 11 முறை ஐடஹோ தகுதி பெற்றது.

அதே மாநிலத்தின் தலைநகர் பாய்சி. அங்குள்ள பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகம்தான் ஐடஹோவின் பரம எதிரி. 1982 முதல் 1993 வரை தொடர்ந்து 12 ஆண்டுகள் பாய்சி அணியை ஐடஹோ தோற்கடித்தது!

1996ஆம் ஆண்டில் இரண்டு கல்லூரிகளும் ஒன்றாகவே மேல் பிரிவுக்குப் போயின. ஆனால் நடந்தது என்ன? வளரும் நகரமும் வசதியும் பாய்சிக்குக் கை கொடுத்தன. 2007 ஜனவரியில் 'பியஸ்டா பௌல்' ஆட்டத்தில் புகழ் பெற்ற ஒக்லஹோமா அணியை 43-42 என்று வீழ்த்தி, பாய்சி நாட்டையே வியக்க வைத்தது.

ஐடஹோ? 1999 முதல் 2010 வரை தொடர்ந்து 12 ஆண்டுகள் அதே பாய்சியிடம் தோற்றது. அதன்பின் பாய்சி வேறு கூட்டணிக்குப் போய்விட்டது. பழைய எதிரியுடன் ஆடும் வாய்ப்பும் போயிற்று.

வீடு இல்லாத அணி

மாஸ்கோவில் உள்ள 'கிபி டோம்' மைதானம் கூரை வேய்ந்தது. 16 ஆயிரம் பேர்தான் உட்காரலாம். மேல் பிரிவில் இருக்க வேண்டுமானால் சராசரியாக இத்தனை பேர் வர வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. சிற்றூரில் இது நடக்கிற காரியமா? 1999ஆம் ஆண்டு முதல் சில காலம், 8 மைல் தள்ளியுள்ள புல்மேனுக்குப் போய், வேறொரு பல்கலைக்கழகத்தின் பெரிய மைதானத்தில் 'சொந்த ஊர்' ஆட்டங்களை நடத்தினார்கள்!

கூட்டணிகளும் நிலைக்கவில்லை. முதலில் சேர்ந்த 'பிக் வெஸ்ட்', 2000ஆம் ஆண்டுப் பருவத்தோடு கால்பந்தையே கைவிட்டது. பிறகு 'சன் பெல்ட்'. 2005இல் 'வெஸ்டர்ன்' கூட்டணி. அங்கிருந்த பெரிய அணிகள் ஒவ்வொன்றாக வெளியேற, 2012ஆம் ஆண்டுப் பருவத்தோடு அதிலும் கால்பந்து நின்றது. 2013இல் எந்தக் கூட்டணியும் இல்லாமல் தனியே ஆடியது. 12 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி!

2014இல் மீண்டும் 'சன் பெல்ட்' சேர்த்துக் கொண்டது, கால்பந்துக்கு மட்டும். அந்தக் கூட்டணியின் கல்லூரிகளோ தெற்கே லூசியானா, அலபாமா, ஜார்ஜியா மாநிலங்களில் இருந்தன. அட்லாண்டாவுக்குப் போக 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். எதிரணியின் ஆதரவாளர்கள் அவ்வளவு தூரம் வருவார்களா? வரவில்லை. செலவு ஏறியது, வசூல் ஏறவில்லை.

2016 மார்ச் 1ஆம் தேதி 'சன் பெல்ட்' தன் முடிவை அறிவித்தது. 2017ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பிறகு ஐடஹோவுக்கு இடம் இல்லை! ஒரே வட்டாரத்துக்குள் இருக்கவே கூட்டணி விரும்பியது. வேறு எந்த மேல் பிரிவுக் கூட்டணியும் அழைக்கவில்லை.

எதிர்ப்பும் முடிவும்

மிஞ்சியவை இரண்டே வழிகள். மேல் பிரிவில் தனித்து ஆடுவது. அல்லது பழைய 'பிக் ஸ்கை'க்குத் திரும்புவது. ஏப்ரல் 28ஆம் தேதி பல்கலைக்கழகத் தலைவர் சக் ஸ்டேபன் இரண்டாவது வழியை அறிவித்தார். மற்ற விளையாட்டுகள் 2014ஆம் ஆண்டிலேயே அங்கே திரும்பியிருந்தன.

பழைய மாணவர்கள் பலர் கொதித்தனர். மேல் பிரிவில் இருப்பதே கௌரவம் என்பது அவர்கள் வாதம்.

அவர்கள் வருத்தத்திலும் நியாயம் உண்டு. மேல் பிரிவில் இருந்த 22 ஆண்டுகளில் மூன்று 'பௌல்' ஆட்டங்களில் ஐடஹோ ஆடியது. மூன்றிலும் வெற்றி. அவற்றில் ஒன்று, கீழே இறங்குவது உறுதியான பிறகு கிடைத்தது! 2016 டிசம்பரில் பாய்சியில் நடந்த உருளைக்கிழங்கு பௌலில் கொலராடோ ஸ்டேட் அணியை 61-50 என்று வென்றார்கள்.

திரும்பியதும் சுகம் வந்துவிடவில்லை. 2018இல் 11 ஆட்டங்களில் நான்கு வெற்றிதான். 2022இல்தான் விடிந்தது. மொன்டானாவை அதன் சொந்த மைதானத்திலேயே வென்றனர். 1995க்குப் பிறகு முதல் முறையாகத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றனர். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கால் இறுதி வரை முன்னேறினர். உடனே பயிற்சியாளரை மேல் பிரிவுக் கல்லூரி ஒன்று அழைத்துக் கொண்டு போய்விட்டது. சின்ன இடத்தின் சங்கடம் அது.

நீளும் வரிசை

இத்தனைக்குப் பிறகும் மேலே போகத் துடிக்கும் கல்லூரிகள் குறையவில்லை. நுழைவுக் கட்டணம் 5 ஆயிரம் டாலராக இருந்தது. 2023இல் அதை 50 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். அப்படியும் 2025இல் டெலவேர், மிசௌரி ஸ்டேட் இரண்டும் மேலே ஏறின.

ஏறியவர் எல்லாம் வீழ்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. பாய்சி வாழ்ந்து காட்டியிருக்கிறது. ஆனால் டிக்கெட் வசூல் போதாத கல்லூரிகளில், பற்றாக்குறையை ஈடுகட்ட மாணவர்களின் கட்டணத்திலிருந்தும் பணம் எடுக்கிறார்கள். பந்தையே தொடாத மாணவனும் அந்தக் கௌரவத்துக்கு விலை கொடுக்கிறான்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பார்கள். மாஸ்கோ ஊர்க்காரர்களுக்கு அது புரிய 22 ஆண்டுகள் ஆயின. இப்போது பக்கத்து மாநிலத்து ரசிகர்கள் காரில் வந்து இறங்குகிறார்கள். அதே 16 ஆயிரம் இருக்கைகள்தான். கீழ்ப் பிரிவுக்கு அது சின்ன மைதானம் அல்ல.