நீண்ட திரி

வானம் பார்த்த கரிசல் பூமி விருதுநகர் மாவட்டம். மழை பொய்த்தால் அங்கே பருத்தியும் பொய்க்கும், கம்பும் பொய்க்கும். உழவை மட்டும் நம்பி வாழ இயலாத அந்நிலத்தில், 1923-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலைச் சிவகாசியில் தொடங்கினர். பின்னர்ப் பட்டாசும் அச்சும் அதனோடு சேர்ந்தன. வேளாண்மைக்குக் கேடான வறண்ட காற்று, மருந்து தோய்த்த குச்சிகளை உலர்த்துவதற்கு நலமாயிற்று. இன்றும் சுற்றியுள்ள சிற்றூர்ப் பெண்கள் விடியுமுன் எழுந்து, பழைய சோற்றையோ கம்பங்கூழையோ தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு இத்தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர்.

அவர்கள் செய்யும் தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு என்னும் உப்பு உள்ளது. பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரசு பூசப்பட்டுள்ளது. குச்சி தனியே கிடந்தால் எரியாது. பெட்டியும் தனியே எரியாது. இரண்டும் உரசினால்தான் தீ உண்டாகும். பட்டாசின் திரி மற்றொரு வகை. அதில் தீப்பட்டாலும் வெடிப்பதற்குச் சிறிது பொழுது செல்லும். இடையிலே திரி அறுந்துபோனால் வெடி வெடிக்காது. கருப்பை வாய்ப் புற்றுநோயின் இயல்பை அறிய விரும்புவோர் இவ்விரண்டையும் நினைவிற்கொள்வது நலம்.

2020-ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வோர் ஆண்டில் மட்டும் 1,23,000-க்கு மேற்பட்ட பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். 77,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுட் பலர் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த தாய்மார்கள். இந்நோயின் காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1970-களில், வேறொரு வைரசே இதற்குக் காரணம் எனப் பலர் கருதினர். செருமானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹாசன் அதனை ஏற்கவில்லை. மருக்களை உண்டாக்கும் பாப்பிலோமா வைரசின் இனத்தில்தான் காரணம் இருத்தல் வேண்டும் எனக் கொண்டு, பல ஆண்டு தேடினார். 1983-இல் அவ்வினத்தின் 16-ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18-ஆம் வகையையும் புற்றுத் திசுவிலேயே கண்டறிந்தார். இந்நோயுற்ற பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு இவ்விரு வகைகளே காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 2008-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

வைரஸ் தானே உண்டு வளரும் உயிரன்று. புரத உறைக்குள் அடங்கிய மரபுப்பொருளே அது. மற்றோர் உயிரின் செல்லுக்குள் புகுந்தாலன்றி அதனால் பெருக இயலாது. பாப்பிலோமா வைரஸ் உடல் நெருக்கத்தால் பரவுவது. ஆண் பெண் இருபாலாரிடமும் காணப்படுவது. மணவாழ்வு தொடங்கியோரில் மிகப் பலர் ஒரு முறையேனும் இதனைப் பெற்றிருப்பர். ஆதலின் இதனைக் கொண்டு எப்பெண்ணையும் பழித்தல் அறியாமையாகும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஈராண்டுக்குள் உடலின் காப்பாற்றலே இதனை விரட்டிவிடுகிறது. எஞ்சியோரிடத்தில்தான் தொல்லை. நம் செல்கள் வரம்பின்றிப் பெருகாவண்ணம் தடுக்கும் காவற்புரதங்கள் சில உள்ளன. தங்கிவிட்ட வைரஸ் தன் இரு புரதங்களால் அக்காவலைச் சிதைக்கிறது. காவல் இழந்த செல்லில் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. எனினும், அவை புற்றாக முதிர்வதற்குப் பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும். திரி அவ்வளவு நீளமானது.

ஒருவர் உடலில் தங்கும் வைரஸ் மற்றொருவர் உடலில் ஏன் தங்குவதில்லை? தீக்குச்சிக்குப் பெட்டியின் பக்கம் போல, வைரசுக்கும் அது சேர்ந்த இடத்தின் நிலை துணையாக வேண்டும். புகைபிடித்தலும் உடலின் காப்பாற்றல் குன்றுதலும் அதற்குத் துணைசெய்கின்றன. அண்மைக் காலத்தில் ஆய்வாளர் நோக்கம், நம் உடலிலேயே குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டத்தின் மேலும் சென்றுள்ளது. 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கின்படி, மனிதனின் செல்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி. அவனுள் வாழும் பாக்டீரியாக்களோ ஏறத்தாழ 38 இலட்சம் கோடி. அவற்றுட் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் உறவினங்கள் பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையிலும் வாழ்ந்து, தயிருக்குப் புளிப்பைத் தரும் அதே லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, தீய கிருமிகள் பெருகாமல் காக்கின்றன. இவை குறைந்து வேறு நுண்ணுயிர்கள் மிகுந்த பெண்களிடம் பாப்பிலோமா வைரஸ் நீடித்துத் தங்குவது மிகுதி எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதனைக் கேட்டுத் தயிர் உண்டாலே புற்றுநோய் வாராது எனக் கூறுதல் பொருந்தாது. உண்ணும் தயிர் குடலுக்குச் செல்வது; அவ்விடத்துக் குடியிருப்போ வேறு.

நுண்ணுயிரின் தொடர்பால் வரும் புற்றுநோய் இஃதொன்றே அன்று. இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் என்னும் பாக்டீரியா இரைப்பைப் புற்றுநோய்க்கும், கல்லீரலைத் தாக்கும் பி, சி வகை வைரசுகள் கல்லீரற் புற்றுநோய்க்கும் வழிகோலுகின்றன. 2018-இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட புற்றுநோய்களில் நூற்றுக்கு 13 அளவு இத்தகைய தொற்றுகளால் வந்தவை எனக் கணக்கிட்டுள்ளனர். ஆயினும் புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோயன்று. நோயாளியின் தட்டைத் தனியே வைப்பதும், அவரருகே அமர அஞ்சுவதும் வேண்டாத கொடுமைகள்.

நீண்ட திரியை இடையில் அறுக்க இயலும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சான்று. விருதுநகருக்கு வடக்கே, மதுரைக்கும் அப்பால், ஒட்டன்சத்திரத்தை அடுத்துள்ளது அம்பிளிக்கை. 2000-ஆம் ஆண்டில் அங்குள்ள கிறித்தவ மருத்துவமனையும், பிரான்சு நாட்டு லியோன் நகரின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் சங்கரநாராயணனும் பிறரும் சேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கினர். கையாண்ட பொருள் மிக எளியது. ஊறுகாய்க்குச் சேர்க்கும் காடியில் உள்ள அசெட்டிக் அமிலந்தான் அது. நீர்கலந்த அவ்வமிலத்தைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கெடத் தொடங்கிய செல்கள் உள்ள இடம் வெண்மையாகத் தெரியும். நுண்பெருக்கியும் வேண்டா, ஆய்வுக்கூடமும் வேண்டா. பயிற்சி பெற்ற செவிலியரின் கண்ணும் நல்ல விளக்கும் போதும். ஏற்ற நிலையில் இருந்தோர்க்கு, அச்செவிலியரே அன்றே கடுங்குளிரால் அவ்விடத்தை உறையச்செய்து அழித்தனர்.

'அன்றே' என்னும் சொல்லில்தான் இம்முறையின் சிறப்பு அடங்கியுள்ளது. ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிடில் அன்றைய கூலியை இழக்கும் பெண், சோதனைக்கு ஒரு நாளும், முடிவறிய ஒரு நாளும், மருத்துவத்திற்கு ஒரு நாளுமாக அலைதல் அரிது. திண்டுக்கல்லில் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்களை அழைத்தனர். 31,343 பேர் வந்தனர். வாழ்நாளில் ஒரே முறை செய்யப்பட்ட இச்சோதனையால், அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு, மற்ற ஊர்களைவிட நூற்றுக்கு 35 அளவு குறைந்திருந்தது. இம்முடிவு 2007-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. தமிழக அரசும் இத்தகைய சோதனையை முதலில் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் நடத்திப்பார்த்துப் பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரித்தது.

திரியில் தீயே பற்றாமல் காப்பது தடுப்பூசி. இதில் உள்ளது வைரசின் வெற்று உறை. உள்ளே மரபுப்பொருள் இல்லை. மருந்து அடைக்காத காகிதக் குழாய் வெடிக்குமா? அதுபோல் இவ்வுறையால் நோய் வாராது; ஆயினும் உடல் அதன் வடிவை அறிந்து எதிர்ப்பாற்றலை ஆயத்தம் செய்துகொள்ளும். முதலில் இவ்வூசியை மூன்று முறை போடவேண்டும் என்றனர். இரு முறை போதுமா என அறிய 2009-இல் இந்தியாவில் தொடங்கிய ஆய்வில் அம்பிளிக்கையும் ஓரிடமாயிற்று. 2010-இல், வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் எழுந்த சிக்கலால், இத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் அரசு நிறுத்தியது. அதனால் 4,949 சிறுமியர் ஓர் ஊசியோடு நின்றுவிட்டனர். ஆய்வாளர் சோர்ந்துவிடாமல் அவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்தனர். ஓர் ஊசி பெற்றோரும், இரண்டும் மூன்றும் பெற்றோரைப் போலவே, 16, 18 வகைகள் நிலைத்துத் தங்குவதினின்றும் காக்கப்பட்டிருந்தனர்! தடைப்பட்டுப்போன ஓர் ஆய்வு இவ்வளவு பெரிய உண்மையைத் தந்தது வியப்பே. இதுபோன்ற சான்றுகளைக் கண்டு, ஓர் ஊசியே போதுமானதாகலாம் என உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் அறிவித்தது.

புனேயில் உருவான இந்தியத் தடுப்பூசி 2023-இல் வெளிவந்தது. 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு, 14 வயதுச் சிறுமியர்க்கு இதனைப் படிப்படியாகப் போடுவதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏற்கெனவே தங்கிவிட்ட வைரசை இவ்வூசியால் அகற்ற இயலாது. ஆதலின் பள்ளியில் பயிலும் மகளுக்கு ஊசி. தீப்பெட்டி ஒட்டும் தாய்க்கோ, 30 வயது கடந்தபின் அந்த ஒரு நிமிடக் காடிச் சோதனை.