வளைவில் திரும்பாத வெளிச்சம்

ரயில் எஞ்சினின் விளக்கு நேராகத்தான் பார்க்கும். தண்டவாளம் வளைந்தால் வெளிச்சம் வயற்காட்டில் போய் விழும். இடார்சி–நாக்பூர் மலைப்பாதையில் சிக்னல் பிரிவில் நான் இருந்தபோது, 1989 குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, ரோந்து வந்த கேங்மேன் ஒருவரை டிரைவர் கடைசி நொடியில்தான் கண்டார். மனிதர் பள்ளத்தில் குதித்துப் பிழைத்தார், கைவிளக்கு தூளாயிற்று. விளக்கைத் திருப்ப வழி செய்யலாமே என்றேன். "அந்த அதிர்ச்சியில் மோட்டாரும் கண்ணாடியும் எத்தனை நாள் நிற்கும்?" என்றார் மேலதிகாரி. நியாயமான கேள்விதான்.

புனேயில் வேலை பார்க்கும் என் மகள் போன தீபாவளிக்கு வந்தபோது, "எதையும் அசைக்காமலே ஒளியைத் திருப்பலாம், அப்பா" என்றாள். டிப்ளமோக்காரனான எனக்கு முதலில் ஏறவில்லை. பிறகு பள்ளி அணிவகுப்பு நினைவுக்கு வந்தது. வரிசை திரும்பும்போது உள்பக்கத்துப் பையன் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவான். வெளிப்பக்கத்தான் எட்டி நடப்பான். வரிசையே திரும்பிவிடும்!

ஒளியும் அலைதானே? சிலிக்கான் சில்லு ஒன்றில் ஒரே லேசர் ஒளியைப் பல கிளைகளாகப் பிரித்து, வரிசையான சிறு வாய்கள் வழியே வெளியே விடுகிறார்கள். ஒரு கிளையைச் சற்றுச் சூடாக்கினால் அதில் ஒளி கொஞ்சம் பிந்தி வரும். வாய்க்கு வாய் அந்தத் தாமதத்தைப் படிப்படியாகக் கூட்டினால், பிந்துகிற பக்கமாகக் கற்றை சாயும்.

ரேடியோ அலையில் இது பழைய வித்தை. ஜெர்மானியர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் 1905-லேயே செய்து காட்டினார். நம் ஆகாஷ் ஏவுகணைக்குத் துணையான ராஜேந்திரா ரேடாரும் இந்த வகையே. ஒளியில்தான் சிக்கல். இதற்குப் பெரிதும் பயன்படும் லேசரின் அலைநீளம் 1.55 மைக்ரான். வாய்களின் இடைவெளி அதில் பாதிக்குள் இருந்தால் நல்லது. ஆனால் அவ்வளவு நெருக்கினால் ஒரு கிளையின் ஒளி அடுத்ததில் கசியும். தள்ளி வைத்தாலோ, வேறு திசைகளில் போலிக் கற்றைகள் கிளம்பும். 2013-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 0.576 மில்லிமீட்டர் சதுரத்தில் 4096 வாய்களை அமைத்தார்கள். இடைவெளி 9 மைக்ரான். அதிலும் போலிகள் தெரிந்தன. தவிர, அதன் ஒளி வடிவம் செய்யும்போதே நிலையாக அமைந்தது. இஷ்டப்படி மாற்றக்கூடியதாக அவர்கள் செய்ததில் 64 வாய்களே.

போலி என்றதும் எனக்குப் பகீரென்றது. சாயங்கால வெயில் பட்டு, எரியாத சிக்னல் எரிவதுபோல் தெரிவதை நாங்கள் 'பாண்டம்' என்போம். டிரைவரை ஏமாற்றும் வெளிச்சத்தைவிட இருட்டே மேல்.

இது எஞ்சின் விளக்காக வராதாம். எதிரில் இருப்பதைத் துழாவி அறியும் லைடார் கண்ணாகத்தான் உதவுமாம். "வளைவுக்கு அப்பால் நடந்துவரும் கேங்மேனைக் காட்டுமா?" என்று கேட்டேன்.

"வெட்டவெளி என்றால் காட்டலாம். நடுவில் மலை மறைத்தால் காட்டாது, அப்பா."

எங்கள் வளைவில் மலை இடப்பக்கம்; அவர் குதித்த பள்ளம் வலப்பக்கம். பாதை இடப்பக்கமாகத்தான் திரும்புகிறது.