கசகசாவும் அபினியும்

குழித்துறைத் தாமிரபரணிக் கரையில் வாழையும் மரச்சீனியும் பயிரிட நமக்கு உரிமம் வேண்டியதில்லை. நம் அடுக்களைக் கசகசாவைத் தரும் செடிக்கோ அது இன்றியமையாதது. அதன் காயைக் கீறினால் வடியும் பாலே அபினி.

மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில், அரசு குறித்த பகுதிகளில் மட்டும் உழவர் ஆண்டுதோறும் உரிமம் பெற்று இதனைப் பயிரிடுகின்றனர். எடுத்த பால் முழுவதையும் அரசுக்கே, அரசு விதித்த விலைக்கே, அளித்தல் வேண்டும். விளைச்சல் குறைந்தோர் மறு ஆண்டு உரிமத்தை இழக்கவும் நேரும். கள்ள வணிகனோ பன்மடங்கு கொடுப்பான். சங்கத்தில் உரிய விலை கிட்டாத நெசவாளர் தறித்துணியை வெளியாரிடம் கொண்டுபோவதை நாம் காணவில்லையா? காவலினும் நல்ல விலையே வலிய வேலி என்பது எம் கருத்து.

உண்போரைக் குறைப்பதும் அரசின் கடமையே. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் தண்டனைகளைப் பலரும் அறிவர். அடிமைப்பட்டோர்க்குச் சிகிச்சை நிலையங்கள் அமைக்கவும் அச்சட்டமே இடமளிக்கிறது. அதனைக் கேட்டுப் பெறுவோர்தாம் குறைவு.